பிரேக் லைனரில் ரப்பர் எவ்வளவு?

எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்தும்போது சைக்கிள் பிரேக் கட்டையைக் காட்டி, "ரப்பர் உராய்வைக் கூட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்வது என் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ லாரி பிரேக்கையும் முழுக்க ரப்பர்லயே செய்யலாமே சார்?" "அது பெரிய வகுப்புப் பாடம்மா" என்று சமாளித்தேன். அவள் அப்பா லாரி ஓட்டுநர் என்பது பிறகுதான் தெரிந்தது. கூச்சமாக இருந்தது.

தேடிப் படித்தேன். லைனர் ஒரே பொருளால் ஆனதன்று. பீனாலிக் பிசின் எல்லாவற்றையும் பிணைக்கிறது. இழைகள் வலுத் தருகின்றன. இடத்தை நிரப்பத் தாதுத்தூள். இவற்றோடு கொஞ்சம் ரப்பர் தூளும் சேர்ந்தால் லைனர் சற்றே நெகிழ்ந்து டிரம்மில் நன்றாகப் படியும், கீச்சொலி குறையும். அளவு மீறினால் வலு குறையும். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் சூடு ஏறி ரப்பர் சிதையும். பிடி தளரும், தேய்மானம் கூடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கையைப் புண்ணாக்குகிறதே, அந்த ஓட்டு எண்ணெயைக் கெட்டிப்படுத்திய தூளும் லைனரில் சேர்கிறது. உராய்வைச் சீராக வைக்கத்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பழைய லைனரைச் சுரண்டிக் காட்டாதீர்கள். அதில் கல்நார் இருக்கலாம்.

மறுவாரம் அந்தப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்று யோசித்தாள். "அதனாலதான் அப்பா இறக்கத்துல கியரைக் குறைச்சுக்கிறாரா சார்?" என்றாள்.