வானத்து வழியும் வாசல் வழியும்



புனேயிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவு என்று நம் காலனியில் கேட்டுப் பாருங்கள். இளைஞர், “ஒன்றே முக்கால் மணி” என்பார். பெரியவர், “ஒரு பகலும் ஓர் இரவும்” என்பார். இருவரும் தூரத்தைக் கேட்டால் நேரத்தையே சொல்கின்றனர்.

இருப்புப்பாதையில் வந்தவர் பெரியவர். பம்பாய்ப் பக்கத்துப் பாதையும் சென்னைப் பக்கத்துப் பாதையும் 1871ஆம் ஆண்டில் இராய்ச்சூரில் கைகோத்தன. இன்றும் அவ்வழியே சென்னை செல்ல ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொணர்ந்த வான்தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். அது மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது.

இன்று லோகேகாவிலிருந்து மீனம்பாக்கம் வரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 910 கி.மீ. கோயமுத்தூரும் ஏறத்தாழ அதே தொலைவுதான்! கோவைக்குச் செல்பவர் சென்னையைச் சுற்றிச் சென்றால் மேலும் 400 கி.மீ. கூடுகிறது. ஆகவே நேர் விமானம் உண்டா என்று முதலில் பாருங்கள். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் 910 கி.மீ. கடக்க 70 நிமிடமே போதும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், ஏறுவதும், இறங்கக் காத்திருப்பதும் சேர்ந்தே அதை ஒன்றே முக்கால் மணியாக்குகின்றன.

ஆனால், நம் பயணம் வாசலிலன்றோ தொடங்குகிறது? பிம்ப்ரியிலிருந்து நிலையம் சேர ஒரு மணி. அங்கே காத்திருக்க இரண்டு மணி. பறக்க ஒன்றே முக்கால். பெட்டி எடுத்து வெளியேற அரை மணி. பின்னர்க் கும்பகோணம் சேர ஆறு மணி. கூட்டிப் பாருங்கள்: பதினொன்றே கால்! விமானம் சுருக்கியது நடுவழியை மட்டுமே. லோகேகாவ் வான்படைத் தளமும் ஆகும். ஓடுபாதையைச் செப்பனிட 2021ஆம் ஆண்டு அக்டோபர் 16 முதல் 14 நாள்கள் அங்குப் பயணிகள் விமானமே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன்? “விமானம் இருக்கிறது, ஓடி விடலாம்” என்னும் துணிவில்தான் ஊரில் முதிய பெற்றோரைத் தனியே விட்டிருக்கிறோம். நள்ளிரவில் தொலைபேசி மணி அடிக்கும்போது அந்தப் பதினொரு மணி நேரம் பதினொரு யுகமாகிறது. அப்போது முதலில் ஓடி வருபவர் பக்கத்து வீட்டாரே.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். பெற்றோர் நலமாயிருக்கும்போதே சென்று பார்த்து வாருங்கள், அழைப்புக்குக் காத்திராதீர். ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும், அவ்வூரில் பெற்றோரை வைத்திருக்கும் மற்றோர் உறுப்பினரின் வீட்டுப் படியும் ஏறி, நலம் விசாரித்து வாருங்கள். வானூர்தி குறைக்க முடியாத தொலைவை நம் சங்கம் குறைக்கட்டும்!