கணக்கு நோட்டில் ஓர் ஊர்ச்சபை

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலைத் தேர்தலைத் தொடாத ஊராட்சி மாநாட்டுத் தலைமையுரை தமிழில் அபூர்வம். இந்த உரை அந்தக் கல்வெட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பத்து காவானுக்கு வருகிறது. தமிழ்க் காதுக்குப் 'பத்து' எண்ணிக்கை. மலாயில் அது கல்.

1800-இல் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற கரையோரப் பட்டைக்கு வெல்லஸ்லி மாகாணம் என்று பெயர். இன்று செபராங் பிறை. அதன் தென்பகுதியில், பத்து காவான் பக்கம், தியோச்சு சீனர்கள் கரும்பு போட்டார்கள். பின்னால் ஆங்கிலேய முதலீடு வந்தது, ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் வந்தார்கள். 1910-இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர், ரப்பர் போய்ச் செம்பனை.

தோட்டத்தை ஆண்டது யார்? விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டபோதே விடை தெரிந்துவிடும். மேலே பெரிய துரை, நடுவில் கணக்கெழுதும் கிராணி, கீழே வேலை வாங்கும் தண்டல். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் தண்ணீர்க் குழாயிலிருந்து பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை வரை துரை வைத்ததே சட்டம்.

அதே காலத்து இங்கிலாந்தைப் பாருங்கள். 1894-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே 300 பேருக்கு மேல் உள்ள சிற்றூருக்கெல்லாம் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றம் கொடுத்தது. பெண்களும் ஓட்டுப் போடலாம், மன்றத்தில் உட்காரலாம். 300-க்கும் குறைந்த ஊருக்கு ஊர்க்கூட்டம் உண்டு. இங்கே வெல்லஸ்லி மாகாணத்தில் கலிடோனியா, பைராம் முதலான தோட்டங்களை வைத்திருந்த ராம்ஸ்டன் குடும்பத்துக்கு யார்க்ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் பெரும்பகுதி சொந்தம். 1920-இல் அந்த நகர மன்றம் நிலத்தை அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கிவிட்டது. ஊரே தன்னை வாங்கிக்கொண்ட கதை! தோட்டத்துத் தமிழருக்கோ, தோட்டம் கைமாறினால் செய்தி மட்டும்தான் வந்து சேரும்.

ஆனாலும் லயத்துக்கென்று ஒரு சபை இருந்தது. மாரியம்மன் கோயில் கமிட்டி. சம்பள நாளில் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். திருவிழா முடிந்ததும் நாலு பேர் முன்னால் நோட்டை விரித்து, பூசாரி, மேளம், தண்ணீர்ப் பந்தல் என்று வரி வரியாகப் படிப்பார்கள். கணக்கு இடித்தால் சண்டைதான். ஊராட்சி வரலாறு எழுதுவோர் இந்த நோட்டுகளைப் பக்திச் சமாச்சாரம் என்று ஒதுக்குவது பெரும் பிழை.

தோட்டத்துக்கு வெளியே, பினாங்குத் தலைநகர் ஜோர்ஜ் டவுனில் 1951-இலேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. தேர்தலை மீட்கப் பினாங்கு 2012-இல் இயற்றிய சட்டம் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. செபராங் பிறை 2019-இல் மாநகராகிவிட்டது. அதன் கவுன்சிலர்கள் இன்னமும் நியமனம்தான்.

பத்து காவானில் இப்போது செம்பனை இருந்த இடத்தில் தொழிற்சாலைகள். 2014 மார்ச் 1 அன்று திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் இங்கேதான் கரையேறுகிறது. லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பரண்களில் அந்தப் பழைய நோட்டுகள் இன்னும் சில கிடக்கும். கரையான் முந்துவதற்குள் அவற்றைத் தேடிப் படியெடுக்கும் வேலையை, கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வாளர்கள் இந்த மாநாட்டிலேயே பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும்.