முகவரிப் பஞ்சம்
(மங்களூர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

வீட்டுக்குக் கதவு இலக்கம் போல, இன்டர்நெட்டில் சேரும் கருவிக்கும் ஓர் எண் வேண்டும். 1981-இல் வகுத்த விதிப்படி அவ்வெண் 32 பிட்; மொத்தம் சுமார் 430 கோடிதான் கிடைக்கும். முந்தி வந்த அமெரிக்க எம்.ஐ.டி. கல்விக்கழகம் ஒன்றுக்கே 1.68 கோடி எண்கள் போயின. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் களஞ்சியம் காலி! பிந்தி வந்தவர்கள் பலர் ஒரே எண்ணைப் பங்கிட வேண்டியதாயிற்று. அவர்கள் வெளியே போகலாம். வெளியார் நேரே அவர்கள் வாசலுக்கு வர முடியாது.

இந்தப் பஞ்சம் முன்பே தெரிந்ததுதான். 1992-இல் மேல்வாரியம் ஒரு மாற்று விதியைத் தானே தீர்மானித்தது. பொறியாளர்கள், "எங்களைக் கேட்டீர்களா?" என்று எதிர்த்தார்கள், வாரியம் பின்வாங்கிற்று. பிறகு, 64 பிட் போதும் என்றார் சிலர். நீளம் கூடிக் குறையட்டும் என்றார் சிலர். வாதாடி 1994-இல் 128 பிட் என்று முடித்தார்கள். அதுவே ஆறாம் பதிப்பு.

அதில் ஒரு குறை: பழையதும் புதியதும் நேரே பேசிக்கொள்ளா. ஆகையால் பழைய எண்ணைக் குவித்து வைத்தவனுக்கு அவசரமில்லை. இல்லாதவனுக்குத்தான் அவசரம். அதனால்தான் இந்தியாவில் இன்று இன்டர்நெட் உபயோகிப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் புதியதற்கு வந்துவிட்டார்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி, அச்சு சிறிதானால் அச்சை மாற்றுவானா, அதற்குக் கற்பூரம் காட்டுவானா? மனிதன் செய்த விதியை மனிதன்தான் மாற்ற வேண்டும் என்கிறோம்.