பழைய இரும்பில் எழுந்த விமானம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



குறளும் கம்பனும் முழங்கிய இம்மேடைக்கு இன்று இரண்டு பூனைகளை அழைத்து வந்துள்ளோம். இளமையில் உள்ளத்தைக் கவர்ந்த கதை யாது என்று கூறுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். பத்தாம் வகுப்புடன் படிப்பை முடித்துக்கொண்ட இரயில்வே எழுத்தர் நாம். படிக்காத காப்பியத்தின் பெயரைச் சொல்லிப் புகழ் பெற மனம் ஒப்பவில்லை. நம்மைக் கவர்ந்தது 'ஸ்வாட் கேட்ஸ்' என்னும் அறிவியல் கற்பனைக் கார்ட்டூன் தொடரே. (சிறுவர்கள் கைதட்டுகின்றனர், பெரியோர் பொறுத்தருள்க.)

1995ஆம் ஆண்டு மே முதல் நாள் 'கார்ட்டூன் நெட்வொர்க்' இந்தியாவுக்கு வந்தது. பகலெல்லாம் கார்ட்டூன், இரவானால் அதே அலைவரிசையில் பழைய ஆங்கிலத் திரைப்படங்கள். அப்போது செகந்தராபாத்து மெட்டுகூடாவில் வாடகைக்குக் குடியிருந்தோம். நம் வீட்டில் கேபிள் இணைப்பு இல்லை. வீட்டு உரிமையாளரான தெலுங்கரின் கூடமே நமக்குத் திரையரங்கு. அவர் பிள்ளைகள் இருவர், மாடியில் குடியிருந்த உருதுக் குடும்பத்துச் சிறுவன், நாம், நம் தங்கை ஆக ஐவர் தரையில் அமர்ந்திருப்போம். தொடர் பேசியதோ ஆங்கிலம். தமிழ் ஒலியெல்லாம் பிற்காலத்து வரவு. ஐவரில் எவருக்கும் முழுதாக விளங்கவில்லை. விளங்கிய பாதியை ஒருவருக்கொருவர் மூன்று மொழிகளில் எடுத்துரைத்து, விளங்காத பாதியை நாமே இட்டுக் கட்டினோம்.

கதையைச் சுருங்கச் சொல்வோம். பூனைகளே குடிமக்களாக வாழும் மெகாகேட் என்னும் மாநகரம். அதன் காவற்படையில் சான்ஸ், ஜேக் என இரு விமானிகள். டார்க் கேட் என்னும் கொடியவனை அவர்கள் வானில் துரத்திக் குறிவைத்த வேளையில், தளபதி ஃபெரல், "விலகிச் செல்லுங்கள், அவன் எனக்குரியவன்" என்கிறான். அவர்கள் விலகவில்லை. தளபதி தன் விமானத்தால் அவர்களை இடித்துத் தள்ள, நிலை தவறிய விமானம் காவற்படைத் தலைமையகத்தின்மீதே விழுகிறது. கொடியவன் தப்பினான், பழி இருவர்மேல் விழுந்தது. பணி பறிபோனது. கட்டடத்துக்கு நேர்ந்த இழப்பை உழைத்தே அடைக்க வேண்டுமென்று பழைய இரும்புக் கிடங்குக்கு அனுப்பப்பட்டனர். பகலில் அழுக்குச் சட்டையுடன் வண்டி பழுது பார்த்தனர். படையினர் கழித்து எறிந்த உறுப்புகளைச் சேர்த்து, 'டர்போகேட்' என்னும் மூன்று பொறி விமானத்தைத் தம் கையாலேயே அமைத்தனர். ஆபத்து வந்தால் முகமூடி அணிந்து டி-போன், ரேசர் என்னும் பெயர்களுடன் வானேறினர்.

டாக்டர் வைப்பர், பாஸ்ட்மாஸ்டர் முதலிய பகைவர்களை நண்பர்கள் இன்றும் வரிசையாகச் சொல்வர். நமக்கு அவர்கள்மேல் அத்துணை ஈடுபாடு இல்லை. கிடங்குதான் மனத்தில் நின்றது.

காரணம் உண்டு. நம் தந்தையார் நகரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். மேற்பார்வையாளர் சொற்படி ஒரு பொறியை ஓட்டினார்; அது முறிந்தது. ஓட்டச் சொன்னவர், தாம் சொல்லவே இல்லை என்றார். இழப்பைச் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தனர். தந்தையார் அதைப்பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசியதில்லை. அன்னையார் அரிசி அளக்கும் படி சிறுத்ததைக் கொண்டே நாம் அறிந்தோம்.

ஒரு மாலை நம்மை உணவுக்கு அழைக்க வந்த தந்தையார் கூடத்தின் வாயிலிலேயே நின்றுவிட்டார். திரையில் டர்போகேட் எழும்பிக்கொண்டிருந்தது. "இந்தப் பூனைகள் யார்?" என்றார். சொன்னோம். பழி, கிடங்கு, கடன் யாவும் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்து, "கடன் இன்னும் எவ்வளவு பாக்கியாம்?" என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை. அடுத்த பகுதியில் சொல்வார்கள் என்றோம்.

அப்போது நாம் அறியாத செய்தி ஒன்று உண்டு. கிறிஸ்டியன், இவான் ட்ரெம்ப்ளே என்னும் சகோதரர் படைத்து ஹன்னா-பார்பெரா நிறுவனம் வெளியிட்ட இத்தொடர், அமெரிக்காவில் 1993 செப்டம்பரில் தொடங்கி 1995 ஜனவரியிலேயே நின்றுபோயிற்று. இரண்டே பருவங்கள், பகுதிகள் 30-க்கும் குறைவு. நம் கூடத்துக்கு அது வந்தபோதே முடிந்துபோன கதை! காட்டியவற்றையே திரும்பத் திரும்பக் காட்டினர். நாமோ புதியது வருமென்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். கடன் தீர்ந்ததாக எந்தப் பகுதியும் காட்டவில்லை.

2020இல் திருவனந்தபுரத்து டூன்ஸ் நிறுவனம் அச்சகோதரருடன் கூடிப் புதிய தொடர் எடுக்கப் போவதாக அறிவித்தது. அன்று அலுவலகத்தில் பாதிப் பேர் கைப்பேசியும் கையுமாக இருந்தனர். 2008 முதல் 'சோட்டா பீம்' நம் ஐதராபாத்திலிருந்தே நாடெங்கும் செல்கிறான். அவனைக் குறைகூற வரவில்லை. எனினும் லட்டு தின்று வலிமை பெறுபவனைவிட, திருகாணி முடுக்கி வலிமை பெற்றவர்களிடமே நம் மனம் சாய்கிறது.

இன்று பண்டகப் பிரிவில் கழிவு இரும்பின் பதிவேட்டை எழுதுவது நம் வேலை. ஏலத்துக்குச் செல்லும் உருளைகளையும் வில்களையும் எழுதும்போது, இதில் எதைக் கொண்டு என்ன செய்திருப்பர் என்னும் நினைவு வருவதுண்டு. மேலதிகாரிகள் எவரேனும் அவையில் இருந்தால் இவ்வரியை மறந்துவிட வேண்டுகிறோம்.

தந்தையாரின் பிடித்தம் தீர்ந்த மாதத்தில், அவர் ஈரானி ஓட்டலிலிருந்து உஸ்மானியா பிஸ்கட் பொட்டலத்துடன் வந்தார். நேரே வீட்டு உரிமையாளரின் கூடத்துக்கு வந்து, ஐவருக்கும் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார்.

"அந்த இருவருக்கும் முடிந்துவிட்டதா?" என்றார்.

"இல்லை, அப்பா. இன்னும் கிடங்கில்தான் இருக்கிறார்கள்."

"அடப் பாவமே!" என்றவர், அன்றுதான் முதன்முறையாக எங்களுடன் தரையில் அமர்ந்து, அந்தப் பகுதி முடியும் வரை பார்த்தார்.