45 அடியிலிருந்து மறுபடியும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



நான் 1988-இல் இங்கிருந்து வெளியே போனவன். இப்போது பொட்டிபுரத்தில் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மா என்று விவசாயம் பார்க்கிறேன். பொட்டிபுரம் என்றாலே "நியூட்ரினோவா?" என்று கேட்கிறார்கள். இல்லை ஐயா, இன்று நான் பேச வந்தது என் வலது தோளைப் பற்றி.

சென்ற ஆண்டு நடந்த பழைய மாணவர், இந்நாள் மாணவர் கிரிக்கெட் போட்டி பலருக்கு நினைவிருக்கும். எல்லையோரம் ஃபீல்டிங் நின்றது நான்தான். சின்ன வயசில் சோளக்காட்டில் கவண் சுற்றிக் கிளி விரட்டிய கை. கல்லூரியில் எல்லைக்கோட்டிலிருந்து நேரே கீப்பர் கைக்கு எறிந்த கை. அந்த நினைப்பிலேயே பந்தை எடுத்து வீசினேன். பாதி தூரத்தில் விழுந்து, மூன்று தரம் குதித்து, நின்றே விட்டது. பையன்கள் மூன்று ரன் ஓடினார்கள். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அண்ணே, அடுத்த தடவை கொரியர்ல அனுப்பிருங்கண்ணே!" நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாளே ரோஷத்தோடு தோட்டத்துக்குப் போனேன். பம்ப்செட் அறைச் சுவரில் கரியால் ஒரு வட்டம் போட்டு, தினமும் ஐம்பது எறி, முழு வேகத்தில். நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் சட்டையைக் கொடியில் போடக் கை எழவில்லை.

தேனியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். எனக்குச் சர்க்கரை உண்டு என்றதும் முதலில் தோள் உறைந்திருக்கிறதா என்று பார்த்தார். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் உறைவது மற்றவர்களைவிட அதிகமாம். நல்லவேளை, உறையவும் இல்லை, தசைநார் கிழியவும் இல்லை. கதையை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சார், நீங்க 1988-ல விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கிறீங்க. தோள் இன்னிக்கு இருக்குற இடத்துல இருந்துல்ல ஆரம்பிக்கணும்?"

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு வரிதான். மிச்சமெல்லாம் விளக்கம்.

இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. தோள் அப்படியில்லை, சின்னத் தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. அதனால்தான் எந்தப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் சுலபமாகக் கெட்டும் போகிறது. அதைச் சுற்றிப் பிடித்து வைத்திருப்பவை ரொட்டேட்டர் கஃப் எனும் நாலு சின்னத் தசைகள். பந்து கையைவிட்டுப் போன பிறகு, அந்த வேகத்தில் போகும் கையை நிறுத்துவதில் தோளின் பின்பக்கத் தசைகளுக்குப் பெரும் பங்கு. போடிமெட்டுச் சாலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏறுவதற்கு என்ஜின் போதும், அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் இறங்க பிரேக் வேண்டும். எனக்கு என்ஜின் கொஞ்சம் மிச்சமிருந்தது. பிரேக்தான் தேய்ந்து போயிருந்தது.

முதல் ஆறு வாரம் பந்தையே தொடக் கூடாது என்றார். பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டி, இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பதினைந்து தரம், மூன்று சுற்று. அப்புறம் டியூபை நெஞ்சை நோக்கி இழுப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. இவற்றோடு தோப்புக்கரணம். "தோள் வலிக்குத் தோப்புக்கரணம் எதுக்கு?" என்று கேட்டேன். எறிவது கையில் ஆரம்பிப்பதில்லையாம். முன்கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, முதுகு திரும்பி, கடைசியில்தான் கைக்கு வேகம் வருகிறது. கால் சோம்பினால் அந்த வேலையையும் தோள்தான் சுமக்கும்.

ஏழாம் வாரம் பந்து வந்தது. தூரம் 45 அடி. கிரிக்கெட் பிட்சே 66 அடி என்பதை நினைத்துப் பாருங்கள். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி வெட்கமாக இருந்தது. முதலில் பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கி, 25 எறி, கொஞ்சம் ஓய்வு, மறுபடி 25. ஒருநாள் விட்டு ஒருநாள், பாதி வேகத்தில். இரண்டு மூன்று தரம் வலியில்லாமல் முடித்தால்தான் 60 அடி, அப்புறம் 90, அப்புறம் 120. தசை அசந்து போவது வேறு, மூட்டுக்குள் சுருக்கென்று குத்துவது வேறு. குத்தினால் அன்றைக்கு நிறுத்தி, அடுத்த முறை ஒரு படி இறங்க வேண்டும்.

கணக்குப் பிள்ளை என் தங்கை மகன், பிளஸ் ஒன் படிக்கிறான். "மாமா, அம்பது முடிஞ்சிருச்சு, போதும்" என்பான். மூன்றாம் மாதம் ஒருநாள் 90 அடியில் பந்து அழகாகப் போனது. "இன்னும் பத்துடா" என்றேன். "வேணாம் மாமா" என்றான். கேட்கவில்லை. அந்தப் பத்துக்கு விலை இரண்டு வாரம். தசை சீக்கிரம் தேறிவிடும், தசைநார் தேற அதைவிட நாளாகும். அதனால் நம் தெம்பை நம்பித் தூரத்தைக் கூட்டக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது.

வயசானால் குறைத்துக்கொள்வதில் வெட்கம் என்ன இருக்கிறது? மூத்தோர் தடகளத்தில் ஆண்களுக்கான ஈட்டி 800 கிராமிலிருந்து 50 வயதில் 700, 60 வயதில் 600, 70 வயதில் 500, 80 வயதில் 400 கிராம் என்று இறங்குகிறது. அதை எறிபவரை யாரும் கேலி செய்வதில்லை. அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜேமி மோயர் 2010-இல் முழங்கையில் காயப்பட்டு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 2011 முழுக்க ஆடாமல் இருந்தார். 2012 ஏப்ரலில், 49 வயதில் திரும்பி வந்து, மேஜர் லீக்கில் வென்ற மிக மூத்த பந்து வீச்சாளர் ஆனார். வேகத்துக்குப் பேர் போனவர் அல்ல அவர். பொறுமைக்காரர்.

தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. பெவிலியனிலிருந்து எழுந்து வந்த உடனே குளிர்ந்த கையால் முழு வேகத்தில் எறியாதீர்கள். என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி படுக்கும்போது தோள் வலித்தாலும், கை மரத்துப் போனாலும், தூக்கவே முடியாவிட்டாலும், டியூபைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள்.

நேற்றைய போட்டியில் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இந்தத் தடவை எல்லைக்குப் போகவில்லை, கவரில் நின்றேன். பந்து என்னைத் தாண்டிப் போனது. திரும்பி ஓடி எடுத்து, முன்கால் ஊன்றி எறிந்தேன். ஒரே துள்ளலில் கீப்பர் கைக்குப் போனது. யாரும் அவுட் ஆகவில்லை. ஆனால் இரண்டாவது ரன்னுக்குப் பாதி வந்த பையன், "வேணாம்டா, வேணாம்டா" என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடினான்.

அந்த ஒரு "வேணாம்டா"வுக்குப் பத்து மாதம் ஆயிற்று. எனக்கு அது போதும்.