அடுப்புக்கும் விளக்குக்கும் வந்த காசு எங்கே நின்றது?

(மஹல்லா சமூகநலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

அரசியல் மேடையில் அடுப்பையும் கரண்ட் பில்லையும் பற்றிப் பேசுகிறானே என்று யாரும் எண்ண வேண்டாம். இட ஒதுக்கீடு பற்றிப் பேசுகிறோம். வக்ஃப் சொத்துகள் பற்றிப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் சிலிண்டர் தீர்ந்துபோனால் ஓர் ஏழைப் பெண் யாரிடம் போய்க் கைநீட்டி நிற்பாள் என்பதும் அரசியல்தான்.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அன்றைய நெருப்பு விறகில் இருந்தது. இன்றைய நெருப்பு சிலிண்டருக்குள்ளும் மின்கம்பிக்குள்ளும் இருக்கிறது. காசு உள்ளவனுக்கு மட்டும்தான் அது என்றாகிவிடக் கூடாது என்பதற்காகவே அரசாங்கம் மானியம் தருகிறது. அது பிச்சை அல்ல, உரிமை. அந்த உரிமை ஏழையின் அடுப்படி வரை போய்ச் சேர்கிறதா? போகும் வழியில் எங்கே நிற்கிறது? நிறுத்தி வைத்திருப்பது யார்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சிலிண்டர் மானியம்

முன்பெல்லாம் மானியம் கழித்த விலையைத்தான் ஏஜென்சியில் கொடுத்தோம். ‘பஹல்’ திட்டம் 2014 நவம்பர் 15 முதல் 54 மாவட்டங்களிலும், 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முழு விலையையும் முதலில் நாம் கொடுத்துவிட வேண்டும். மானியம் பிறகு வங்கிக் கணக்கில் வரும். கையில் காசு இருப்பவருக்கு இதில் நஷ்டம் இல்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைப்பவருக்கு முழு விலையைப் புரட்டுவதே முதல் சோதனை.

2020ஆம் ஆண்டின் நடுவில் பொது வாடிக்கையாளர்களுக்கான மானியம் ஓசையில்லாமல் பெயரளவுக்குச் சுருங்கிப்போனது. ‘இனி இல்லை’ என்று பறையடித்து யாரும் சொல்லவில்லை. கணக்கில் வரவு நின்ற பிறகுதான் மக்களுக்கே தெரிந்தது. எஞ்சியது உஜ்வலா இணைப்பு பெற்றவர்களுக்கான உதவி மட்டும். 2016 மே 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய திட்டம் அது. 2022 மே மாதம் சிலிண்டருக்கு 200 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2023 அக்டோபரில் அதை 300 ஆக்கினார்கள். 2025-26ஆம் நிதியாண்டுக்கு, ஆண்டுக்கு 9 சிலிண்டர்கள் வரை இந்த 300 ரூபாய் என்று மத்திய அமைச்சரவை முடிவு செய்தது.

ஒன்பது சிலிண்டருக்கு 2,700 ரூபாய். இது ஒரு தொகையா என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். 2025 ஏப்ரலில் சென்னையில் ஒரு சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு. பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். அதில் 300 ரூபாய் என்பது எத்தனை நாள் உழைப்பு என்று அவர் சொல்வார்.

சரி, இந்தப் பணம் எங்கெங்கே நிற்கிறது?

முதலாவது, பட்டியலில் நிற்கிறது. நம் தமிழ்நாட்டில் 2006க்கும் 2011க்கும் இடையே மாநில அரசே ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பும் அடுப்பும் இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அன்று அந்த இணைப்பைப் பெற்றவர்கள் மத்திய அரசின் கணக்கில் பொது வாடிக்கையாளர்கள். வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருப்பதால் உஜ்வலாவில் சேர வழியில்லை. அதனால் 300 ரூபாயும் இல்லை. முன்னால் அடுப்பு கிடைத்ததே அவர்களுக்குப் பின்னால் தடையாகிவிட்டது! கணவனை இழந்து, ரேஷன் அரிசியில் காலம் தள்ளும் பெண்ணும், கார் வைத்திருப்பவரும் ஒரே விலையில் சிலிண்டர் வாங்குகிறார்கள்.

இரண்டாவது, வங்கியில் நிற்கிறது. ஆதார் வழியாக வரும் பணம் நாம் நினைக்கும் கணக்கில் விழுவதில்லை. கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அதில் போய் விழுகிறது. 2017இல் என்ன நடந்தது? சிம் கார்டைச் சரிபார்க்கக் கைரேகை வைத்தவர்களின் பெயரில், அவர்கள் அறியாமலேயே, ஒரு செல்போன் நிறுவனத்தின் பேமென்ட் வங்கியில் கணக்குகள் தொடங்கப்பட்டன. லட்சக்கணக்கானவர்களின் எரிவாயு மானியம் சுமார் 190 கோடி ரூபாய் அங்கே போய் விழுந்தது. விஷயம் வெளியே வந்த பிறகுதான் பணம் திருப்பப்பட்டது. மானியம் வரவில்லை என்று ஏஜென்சிக்கு நடையாய் நடந்த பெண்களுக்கு, அது வேறெங்கோ தங்கள் பெயரிலேயே கிடக்கிறது என்று அன்று யார் சொன்னார்கள்?

மூன்றாவது, விரலில் நிற்கிறது. உஜ்வலா வாடிக்கையாளர்களிடம் கைரேகைப் பதிவு கேட்கப்படுகிறது. இலையும் தூளும் தேய்த்துத் தேய்த்து ரேகை மங்கிய விரலைக் கருவி ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. எண்ணெய் நிறுவனங்களின் செயலி மூலம் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யவும் வழி உண்டு. அது தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

கரண்ட் பில்லில் நடப்பது

இதுவரை அரசாங்கத்தைக் குறை சொன்னேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். இனி நம்மைப் பற்றி.

2016 மே 23ஆம் தேதி மீண்டும் முதல்வராகப் பொறுப்பேற்ற ஜெயலலிதா, அன்றே கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது. அந்த 100 யூனிட்டுக்கான பணத்தை அரசு மின் வாரியத்துக்குக் கொடுத்துவிடுகிறது. 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோதும் இது தொடர்ந்தது. அந்தக் கட்டணப்படி 200 யூனிட் எரித்த வீட்டுக்கு என்ன பில்? முதல் 100க்கு ஒன்றுமில்லை. அடுத்த 100க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. மொத்தம் 225 ரூபாய்.

ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவர் என்ன கொடுக்கிறார்? யூனிட்டுக்கு ஏழு ரூபாய், எட்டு ரூபாய், பத்து ரூபாய்! வாங்குகிறவர் யார்? மின் வாரியமா? இல்லை. வீட்டுக்காரர்.

சகோதரர்களே, யாரையோ சொல்லவில்லை. என்னையே சொல்கிறேன். என் வீட்டு மாடிக்குத் தனி மீட்டர் உண்டு. அங்கே குடியிருந்தவர் மாற்றுமதச் சகோதரர். எல்லோரும் வாங்குவதைப் போல நானும் அவரிடம் யூனிட்டுக்கு ஏழு ரூபாய் வாங்கினேன். ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கி, “பாய், மீட்டர் கார்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் போன பிறகு நானே கார்டை எடுத்துப் பார்த்தேன். 200 யூனிட்டுக்கு நான் கட்டியது 225. அவரிடம் வாங்கியது 1,400. ஒரு பில்லில் 1,175 ரூபாய். ஆண்டுக்கு ஆறு பில். 7,050 ரூபாய்! அரசாங்கம் அவருக்கென்று கொடுத்த மானியம் என் சட்டைப் பையில் இருந்தது. அதன் மேல் அவருடைய பணமும் இருந்தது. அன்று இரவு இஷா தொழுகையில் என் மனம் நிற்கவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார். இது உங்கள் பணம், நான் கொடுப்பது இனாம் அல்ல என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

சிலர் நியாயம் கேட்கலாம்: ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் பில் ஏறுகிறதே, அதை யார் கட்டுவது? உண்மைதான். அதே 2022 கட்டணத்தில் ஒரே மீட்டரில் 600 யூனிட் ஓடினால் 2,750 ரூபாய் வரும். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு. எட்டு ரூபாய் வீதம் வசூலித்தால் 4,800 ரூபாய். மிச்சம் 2,050 யாருடையது? அதே மூன்று குடித்தனத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் மொத்த பில்லே 675 ரூபாய்தான். தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள குடித்தனத்துக்குத் தனி இணைப்புக் கேட்க இடமுண்டு. வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும்.

அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரித்து ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. மீட்டரும் ஓர் அளவைதான் என்பதை நாம் ஏன் மறந்தோம்? 107ஆவது அத்தியாயமான அல்மாஊன், தொழுகையாளிகளில் ஒரு சாராரைக் கண்டித்து, அற்பமான புழங்கு பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பதைக் கண்டிப்பதோடு முடிகிறது. பானை, வாளி, கோடரி போன்றவை அவை என்று இப்னு மஸ்வூத் (ரலி) அவர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். நம்முடைய பானையைக் கொடுக்க மறுப்பதற்கே இந்தக் கண்டனம் என்றால், அடுத்தவருக்கு வந்ததை எடுத்துக்கொள்வதற்கு என்ன சொல்வது?

செய்ய வேண்டியவை

அரசிடம் நம் கோரிக்கை ஒன்றுதான். எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில் அடுப்பு கிடைத்தது என்று பார்க்காதீர்கள். அந்தியோதயா அட்டையும் முன்னுரிமை அட்டையும் உள்ள குடும்பங்கள் அனைத்துக்கும் சிலிண்டர் மானியத்தைக் கொடுங்கள். நம் மஹல்லாவில் இப்படி விடுபட்ட குடும்பங்களின் பட்டியலை எடுத்துச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நேரில் கொடுப்போம்.

இளைஞர்களே, ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளிவாசல் வராந்தாவில் உட்காருங்கள். மானியம் எந்த வங்கிக் கணக்கில் விழுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ரேகை விழாதவர்களுக்கு முகப் பதிவு செய்து கொடுங்கள். யார் வந்தாலும் செய்து கொடுங்கள், மதம் கேட்காதீர்கள்.

ஜமாஅத் பெரியவர்களே, முதல் வேலை நம்முடையது. பள்ளிவாசலுக்குச் சொந்தமான வாடகை வீடுகளிலிருந்து தொடங்குவோம். அங்கே குடியிருப்பவர் மீட்டர் கார்டில் உள்ளதை மட்டும் கட்டட்டும். பிறகு நம் வீடுகளுக்கு வருவோம். அரசிடம் உரிமை கேட்கக் கை உயர்த்தும்போது, அந்தக் கையில் இன்னொருவரின் காசு இருக்கக் கூடாது.

அமானிதத்தைப் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக!