'தட்': பெயரா, இடைச்சொல்லா?

ஆங்கிலத்தின் 'தட்' பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அது எவ்வகைச் சொல் என்பதில்தான் இலக்கண நூல்கள் முரண்படுகின்றன. 'தட் புக்' என்னும்போது அது சுட்டு. பன்மையில் 'தோஸ்' ஆகும், உயிரொலி குறையாது. அதில் வழக்கில்லை. வாக்கியங்களைக் கோக்கும் 'தட்'டில்தான் வழக்கு. 'த நியூஸ் தட் ஹி பிராட்' என்பது அவர் கொண்டுவந்த செய்தி. 'த நியூஸ் தட் ஹி கேம்' என்பது அவர் வந்தார் என்ற செய்தி. முதலாவதில் செயப்படுபொருளின் இடம் வெறுமையாக இருக்கிறது. 'தட்'டுக்குப் பதில் 'விச்' வைக்கலாம். இரண்டாவது குறைவற்ற வாக்கியம். அங்கே 'விச்' ஒட்டாது. 'என்ற' என்பதும் பெயரெச்சம்தானே என்று தமிழாசிரியர்கள் கேட்கலாம். ஆம், ஆனால் தமிழ் அந்த வேலைக்கு 'என்' என்னும் வினையைத் துணைக்கு அழைத்து வேறுபாட்டை வெளிக்காட்டிவிடுகிறது. ஆங்கிலம் காட்டுவதில்லை.

தொடர்கள் இரண்டு வகை என்பதனால் 'தட்'டும் இரண்டு வகையாகுமா? ஆகும் என்கின்றன பள்ளி இலக்கணங்கள். ரேண்டால்ஃப் குவர்க் குழுவினரின் 1985ஆம் ஆண்டுப் பேரிலக்கணமும் முதலாவதைப் பெயராகவே கொள்கிறது. டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதை மறுத்தார். 2002இல் மொழியியலாளர்கள் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டும் ஒரே இடைச்சொல் என்றனர். நான் இவர்கள் பக்கம். பெயராயின் 'த ஹவுஸ் இன் விச்' போல 'த ஹவுஸ் இன் தட்' என்றும் முன்னிடைச்சொல் ஏற்க வேண்டும், ஏற்பதில்லை. 'த மென்' என்னும் பன்மைக்குப் பின்னும் அது 'தோஸ்' ஆவதில்லை. உயிரொலி இரு தொடர்களிலும் ஒன்றுபோல் தேய்கிறது. தனக்கென இயல்பின்றிப் பிறசொற்களைச் சார்ந்தே இயங்குவது இடைச்சொல் என்ற தொல்காப்பிய வரையறை இதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.

பழைய ஆங்கிலத்தில் அது அஃறிணை ஒருமைச் சுட்டுப்பெயர்தானே என்பர். பிறப்பு வேறு, இன்றைய தொழில் வேறு. நம் 'என்று' வினையிலிருந்து வந்தது. 'திடீரென்று' என்பதில் யார் என்ன சொன்னார்? இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெறும் இணைப்பே என்றால் 'த மேன் தட் கேம்' என்பதில் அதை ஏன் விடமுடியவில்லை? விட்டால் 'த மேன் கேம்' என்று கேட்பவர் அதையே முழு வாக்கியமாகக் கொண்டுவிடுவார். எழுவாய் என்பதால் அது தங்கவில்லை. தொடரின் எல்லையைக் காட்டவே தங்குகிறது. செயப்படுபொருள் இடத்தில் அந்தக் குழப்பம் நேராது. அதனால்தான் அங்கே எளிதில் மறைகிறது.

இந்த வாதத்தில் நெருடும் சான்று ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கில் 'தட்ஸ்' என்று உடைமைப் பொருளில் இச்சொல் வேற்றுமை ஏற்கிறது. அங்கு மட்டும் அது மீண்டும் பெயராகிறதா? முதல் அமர்வு அதிலிருந்தே தொடங்கட்டும்.